என் முன்னிலையில் நேரில் ஆஜராகி

இருபத்தேழு என்று கூப்பிட்டுவிட்டார்கள், எல்லோரும் எழுந்து ஒரு நாற்காலி முன்னால் நகர்கிறோம், முன்னால் இருந்தவருடைய உடம்புச் சூடு பிளாஸ்டிக்கில் அப்படியே இருக்கிறது, அது ஆறுவதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிடுவார்கள், நான் அடுத்தவர் சூட்டில் போய் உட்காருவேன், என் சூட்டில் எனக்குப் பின்னால் இருப்பவர் உட்காருவார். என் கையிலுள்ள எண் சீட்டில் முப்பத்தெட்டு. இன்னும் பதினோரு நாற்காலி. மணி மூன்று நாற்பது. சான் கிரிஸ்பின் ஊரின் கூடைப்பந்து மைதானம் இது, மேலே தகரக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு, தேர்தல் அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று இங்கே மேசை போட்டிருக்கிறார்கள், வேட்புமனுவுக்கு இன்றுதான் கடைசி நாள், ஐந்து மணிக்கு நகராட்சி சங்கு ஊதியதும் மேசையை மூடிவிடுவார்கள். நான் துணை மேயர் பதவிக்கு. மேயர் பெர்னாலின் அணி. அணியில் எல்லோருக்கும் பச்சை பனியன், புதுத் துணியின் கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை, கழுத்தில் அரிக்கிறது. மடியில் ஒரு கோப்பு. கோப்பில் மேலே இருப்பது என் வேட்புமனு, ஐந்து பிரதி, ஐந்திலும் என் புகைப்படம். அதற்குக் கீழே ஒரே ஒரு தாள், அது என்னுடையது இல்லை, நனாய் பெலிசாவுடையது. நனாய் என்றால் எங்கள் பேச்சில் அம்மா, வயதான எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தத் தாளிலும் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் இன்று ஐந்து மணிதான் கடைசி. அவள் அதோ, கூடைப்பந்துக் கம்பத்துக்கு அடியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால்கூடத் தேவலை.

அவள் தாளில் ஒரே ஒரு வாக்கியம். காலையிலிருந்து அதை எத்தனை தடவை வாசித்தேனோ. நோட்டரியாகிய நான் மேற்படி மனுதாரரை அன்றைய தேதியில் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான். மார்ச் மாதம் அவள் மகன் ஆர்னெல், இருபத்திரண்டு வயது, டிரைசைக்கிள் ஓட்டுபவன், கல்குவாரி லாரிக்கு அடியில் போனான். லாரிக்கு பிரேக் இல்லை என்பது ஊருக்கே தெரியும், ஒரு மாதமாக அந்த டிரைவர் இறக்கத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வருவான், ஹார்ன் சத்தம் கேட்டால் பள்ளிப்பிள்ளைகள் ஓரம் ஒதுங்குவார்கள். குவாரி மேயரின் தம்பிக்கு. பெலிசா புகார் கொடுத்தாள், வழக்கு அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தபோது, மேயரின் கார் டிரைவர் ஒரு தாளைக் கொண்டுவந்தான். நடந்தது விபத்து என்று எனக்கு விளங்கிவிட்டது, என் புகாரை முழுமனதோடு விலக்கிக்கொள்கிறேன், இப்படிக்கு பெலிசா மந்தாரின். பெயருக்கு மேலே ஏற்கெனவே ஒரு கட்டைவிரல் ரேகை. "பாவம், கிழவிக்கு உடம்பு சரியில்லே, படியேற முடியலே, அட்டர்னி. மேயர் உங்களைக் கேட்டதாச் சொன்னாரு." நான் நின்றபடியே முத்திரை போட்டேன். என் முன்னிலையில் நேரில் ஆஜராகி, என்று தொடங்கும் என் முத்திரை. சோறு ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். அன்று என்ன குழம்பு என்றுகூட நினைவிருக்கிறது. புளியில் வேகவைத்த மீன்.

இருபத்தெட்டு. எழுந்து நகர்கிறோம். பின்னால் இருப்பவர் ரமில், கோழி வியாபாரி, கவுன்சிலருக்கு நிற்கிறார், அதே பச்சை பனியன், வயிற்றில் இறுக்கிப் பிடித்திருக்கிறது. "என்ன அட்டர்னி, வக்கீலுக்குமா க்யூ? எழுந்து ஒரு ஆட்சேபணை போடுங்களேன்" என்கிறார். சிரிக்கிறேன். என் கோப்பின் மேல் எட்டிப் பார்க்கிறார். "இந்த போட்டோவைப் பார்த்தா எலெக்‌ஷனுக்கு நிக்கற மாதிரி இல்லே, முதல் நற்கருணைக்கு நிக்கற சின்னப் பையன் மாதிரி இருக்கு." வரிசையே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன், என் சிரிப்பு மற்றவர்கள் சிரிப்பைவிட ஒரு நொடி நீளமாகப் போய்விட்டது, யாரும் கவனித்தார்களா. அட்டர்னி. இந்த நாட்டில் வக்கீல் பரீட்சை தேறியவனுக்கு அதற்குப் பிறகு பெயர் கிடையாது. அன்செல்மோ திமாயுகா என்று என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது என் அப்பாதான், அவரும் பரீட்சை முடிவு வந்த அன்று மாலையோடு நிறுத்திவிட்டார், தான் பெற்ற பிள்ளையை அட்டர்னி என்று கூப்பிட்டார், உப்பை எடுத்துக் கொடுங்க அட்டர்னி என்றார். ஊர் நுழைவாயிலில் என் படம் போட்ட பேனர், இரண்டு ஆள் உயரம், எங்கள் மண்ணின் மைந்தனுக்கு வாழ்த்துகள், கீழே மேயர் பெர்னாலின் படம், என் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பேனரைக் கட்டியது அவருடைய ஆட்கள். மழையில் என் முகம் வெளுத்தது, அவருடையது வெளுக்கவில்லை, வேறு மை போலிருக்கிறது. அன்றைக்கே இது தொடங்கிவிட்டதா. வக்கீலாகித்தான் பிறகு அரசியலுக்கு வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், ஆனால் அந்த பேனரில் நான் ஏற்கெனவே வேட்பாளனாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், எந்தப் பதவிக்கு என்று மட்டும் எழுதியிருக்கவில்லை.

இருபத்தொன்பது. எல்லா வக்கீல்களும் அரசியலுக்கு வந்த வழிதான். முதலில் ஏழைகளுக்கு முத்திரை இலவசம், பிறகு சனிக்கிழமைகளில் சந்தை மூலையில் மேசை போட்டு இலவச ஆலோசனை, பிறகு துக்க வீடுகள். "கல்யாணத்துக்குப் போகலேன்னா மன்னிச்சிடுவாங்க, அட்டர்னி. சாவு வீட்டுக்குப் போகலேன்னா எழுதி வெச்சுக்குவாங்க" என்று மேயர் சொல்லிக்கொடுத்தார். போனேன். மூன்று வருடத்தில் இந்த ஊரில் இறந்தவர்கள் எல்லோரையும் எனக்கு முகம் தெரியும், உயிரோடு இருப்பவர்களில் பாதிப்பேரைத் தெரியாது. ஆர்னெலுக்கும் போனேன். ஞாயிறு மதியம், பூசை முடிந்த கையோடு. பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் அவனுக்கு யாரோ பவுடர் அதிகமாகப் போட்டிருந்தார்கள். கண்ணாடியின் மேல் ஒரு கோழிக்குஞ்சு, கொலையுண்டவனின் பெட்டியில் குஞ்சு கொத்தினால் கொன்றவன் மனசாட்சியைக் கொத்தும் என்று இங்கே செய்வார்கள், தானியத்தைக் கொத்திக்கொண்டே இருந்தது. பெலிசா எனக்குக் காபி கொடுத்தாள், பிஸ்கட் தட்டை நீட்டினாள், "சாப்பிட்டீங்களா, அட்டர்னி?" என்று கேட்டாள். மகன் கிடக்கிறான், நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

இன்று காலை அவள் வந்தாள். அலுவலகம் மாடியில், பதினெட்டுப் படி, ஏறித்தான் வந்தாள், மூச்சுக்கூட வாங்கவில்லை. மாகாணத் தலைநகரிலிருந்து ஒரு இளம் பெண் வக்கீல் அவளுக்கு உதவுகிறாளாம், தாளைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறாள். வழக்கைத் தள்ளுபடி செய்த உத்தரவுக்கு மறுபரிசீலனை மனு, என் தாள் இல்லாமல் அந்த மனு நிற்காது. "அட்டர்னி, நான் அன்னைக்கு இங்கே வந்தேனா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, வழி கேட்பதுபோலக் கேட்டாள். இல்லை, நனாய், என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, பதினாறு வருடத் தொழிலில் இப்படி ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று எத்தனை கட்சிக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். "அதைத்தான் இதுல எழுதியிருக்காங்க. ஒரு கையெழுத்து." பிறகு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலி, நான் அவளை உட்காரச் சொல்லியிருக்கவில்லை. "எனக்கு எதுக்கு அட்டர்னி கைநாட்டு? கோயில்ல இறந்தவங்க பேர் எழுதற நோட்டு இருக்கே, இருபது வருஷமா அது என் கையெழுத்து. உங்க அப்பா பேரை வருஷாவருஷம் நவம்பர்ல நான்தான் எழுதறேன். எனக்கு எழுதத் தெரியுமான்னு ஒருத்தரும் கேக்கலே." அந்த நோட்டு எனக்குத் தெரியும். நீல மை, சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு பெயரின் முதலெழுத்துக்கும் ஒரு சின்னச் சுழி. அப்பாவின் பெயரில் நான் அந்தச் சுழியைப் பார்த்து நின்றிருக்கிறேன், யார் எழுதியது என்று கேட்டதில்லை. "மதியம் வேட்புமனு கொடுக்கணும், நனாய், அங்கேயே வாங்க, அந்த வேலை முடிஞ்சதும் போட்டுத் தரேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். பேனா கையில்தான் இருந்தது.

முப்பத்தொன்று, நடுவில் முப்பதைக் காணோம், ஆள் பயந்து போய்விட்டான் என்கிறார்கள், இரண்டு நாற்காலி சேர்ந்தாற்போல நகர்கிறோம், நேரம் இப்படி எதிர்பாராமல் குறைந்துவிடுகிறது. போட்டால் என்ன ஆகும். நோட்டரி உரிமம் போகும், அது நிச்சயம். வக்கீல் உரிமம், ஒரு வருடமோ இரண்டு வருடமோ தடை, சில பேருக்கு ஆறு மாதத்தோடு விட்டிருக்கிறார்கள், எல்லா நோட்டரியும் செய்வதுதான், ஆள் வராமல் முத்திரை போடாத நோட்டரி இந்த மாகாணத்தில் ஒருத்தர் இருந்தால் காட்டுங்கள், என்று எனக்குள்ளேயே பத்தி பத்தியாக எண் போட்டுப் பதில் மனு எழுதிக்கொண்டு போகிறேன், ஒன்று, எதிர்மனுதாரருக்குத் தீய நோக்கம் இல்லை, இரண்டு, எதிர்மனுதாரர் நம்பிக்கையின் பேரில், மூன்று. மூன்றில் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் மூன்றில் நிற்கிறது. ஏனென்றால் மூன்று பதிவேடு. முத்திரை போடும் ஒவ்வொரு தாளையும் நோட்டரிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஆள் அதிலும் ஒப்பமிட வேண்டும். மாதக் கடைசியில் நீதிமன்றத்துக்குப் பதிவேட்டின் பிரதியை அனுப்பும்போது பார்த்தேன், பெலிசா மந்தாரின் என்ற பெயருக்கு எதிரே கட்டம் காலி. டிரைவருக்கு போன் செய்திருக்கலாம். அவள் வீடு பத்து நிமிட நடை. வெளியே வெயில். ஸ்டாம்ப் பேட் திறந்து கிடந்தது. இடது கட்டைவிரலை வைத்தேன். என் இடது கட்டைவிரலை. இடது கையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், அவ்வளவு யோசித்திருக்கிறேன், இடதா வலதா என்று யோசிக்கத் தெரிந்தது. இந்தத் தாள் மேலே போனால் பதிவேட்டை வரவழைப்பார்கள், ரேகையை ஒப்பிடுவார்கள், பெலிசாவின் பெயருக்கு எதிரே நான் இருப்பேன். அதற்கு ஆறு மாதம் இல்லை. அதற்குப் பெயர் வேறு. அட்டர்னி என்ற பெயரும் போய்விடும், கூப்பிட எதுவும் இருக்காது.

"அந்த அம்மா யாருக்கு உக்காந்திருக்காங்க?" ரமில் கம்பத்தடியைக் காட்டிக் கேட்கிறார். "ரொம்ப நேரமா இந்தப் பக்கமே பார்க்கறாங்களே." யாரோ, என்கிறேன். "நம்ம குவாரிக் கேசு அம்மா மாதிரி இருக்கு." தெரியலே, என்கிறேன். "பாவம். அந்த இறக்கத்துல நானே ரெண்டு தடவை தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் பனியனை வயிற்றின்மேல் இழுத்து விட்டுக்கொள்கிறார், மார்பில் மேயரின் பெயர் சுருங்கி விரிகிறது. முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு. சூடான நாற்காலி, இன்னொரு சூடான நாற்காலி. மின்விசிறி என் பக்கம் திரும்பும்போதெல்லாம் கோப்பின் ஓரம் படபடக்கிறது, மேலே இருக்கும் ஐந்து பிரதியும் கனம், அசையவில்லை, அடியில் இருக்கும் ஒற்றைத் தாள்தான் வெளியே எட்டிப் பார்க்கிறது, உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறேன். ஜெயித்த பிறகு செய்யலாம். துணை மேயராக இருந்தால் குவாரியையே மூடலாம், அந்த இறக்கத்தில் வேகத்தடை போடலாம், ஒரு ஆர்னெலுக்காக எல்லாவற்றையும் இழப்பதைவிட இனி வரும் ஆர்னெல்களை, என்று யோசித்துக்கொண்டு போகிறேன், நன்றாகத்தான் போகிறது வாதம், என் கட்சிக்காரனுக்காக வாதாடினால் ஜெயித்துவிடுவேன். கட்சிக்காரன் நான்தான் என்பதுதான் தொந்தரவு. மேயரின் தம்பியின் குவாரியை மேயரின் துணை மேயர் மூடுவானாம். போன வாரம் மேயர் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார், "மூணு வருஷம் துணை மேயர், அப்புறம் என் நாற்காலி உங்களுக்கு. நான் கவர்னருக்குப் போயிடுவேன். நம்ம ஊருக்குப் படிச்சவன் வேணும், அட்டர்னி." தோளில் கையை வைத்தபடியே, "அந்தப் பேப்பர் விஷயம் பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை, மேயர், என்றேன். அன்றே தெரிந்திருந்தது அவருக்கு. என்னைத் தேர்ந்தெடுத்தது நான் படித்தவன் என்பதற்காக இல்லை. வாய் திறக்க முடியாத ஒருவன் வேண்டும், அந்தச் செவ்வாய்க்கிழமை நானே அப்படி ஒருவனைச் செய்து கொடுத்துவிட்டேன்.

முப்பத்தெட்டு. என்னைத்தான். மணி நான்கு நாற்பத்தாறு. மேசைக்குப் பின்னால் மேடம் பூரிதா, தேர்தல் அதிகாரி, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம், காலையிலிருந்து இத்தனை பேரைப் பார்த்தும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் என்னைப் பார்க்கிறாள். புகைப்படத்தைப் பார்க்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள், மறுபடி புகைப்படம். "நீங்கதானே அன்செல்மோ திமாயுகா?" என்னைத் தெரியாதா அவளுக்கு, அவள் வீட்டுப் பத்திரத்துக்கு முத்திரை போட்டவன் நான். "தெரியும், அட்டர்னி. தெரிஞ்சாலும் கேக்கணும். ஆளை நேர்ல பார்க்காம நான் ஒப்பம் வாங்க மாட்டேன், முப்பது வருஷமா வாங்கினதில்லே. உங்களுக்கு நான் சொல்லணுமா." ஆம், என்கிறேன், நான்தான். அடையாள அட்டையைக் கேட்கிறாள். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரலால் தொட்டு எழுதிக்கொள்கிறாள். இவ்வளவுதான். ஆளைப் பார்ப்பது என்பது இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பத்து நிமிடம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாலும் சோறு ஆறியிருக்காது. வலது கையைத் தூக்கச் சொல்கிறாள். இதில் சொன்னதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிறேன், குரல் நன்றாகவே வருகிறது, நீதிமன்றத்துக் குரல், பின்னால் யாரோ கைதட்டுகிறார்கள். மை டப்பாவை என் பக்கம் தள்ளுகிறாள். கையை நீட்டுகிறேன். "வலது, அட்டர்னி" என்கிறாள். பார்க்கிறேன், இடது கையை நீட்டியிருக்கிறேன். சட்டென்று இழுத்துக்கொள்கிறேன். அவள் கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம் பார்த்துவிட்டு படிவத்தைத் திருப்பிப் பிடிக்கிறாள். ஐந்து பிரதி. ஐந்து தடவை.

மேசையைவிட்டு விலகியதும் மேயர் கட்டிப்பிடிக்கிறார், ஒரு போட்டோ, இன்னொரு போட்டோ, பச்சைப் பனியன்கள் சுற்றி நின்று கத்துகின்றன, துணை மேயர், துணை மேயர். பிறகு கூட்டம் ரமிலின் பக்கம் திரும்புகிறது. கம்பத்தடியில் நனாய் பெலிசா எழுந்து நிற்கிறாள். போகாமல் இருக்க முடியவில்லை, அவளைத் தாண்டித்தான் தெருவுக்கு வழி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைப்பையைப் பார்த்துக்கொண்டு போகிறேன், ஆனால் அவள் என் கையைப் பார்த்துவிட்டாள். "அய்யோ, எனக்காகவா கைநாட்டு வெச்சீங்க? நீங்க படிச்சவர், கையெழுத்தே போதுமே" என்கிறாள். சிரிக்கிறாள். ஆர்னெல் போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, என் வலது கட்டைவிரலைப் பிடித்துத் துடைக்கிறாள், பள்ளியிலிருந்து மையோடு வந்த பிள்ளையைத் துடைப்பதுபோல, நகக்கண்ணில்கூட விடாமல். அவள் விரல்கள் காய்ந்து கரகரவென்று இருக்கின்றன. கையை இழுத்துக்கொள்ளவில்லை நான். "கொடுங்க, அட்டர்னி. அரசு வக்கீல் ஆபீஸ் அடுத்த தெருதானே, ஓடினா அஞ்சு நிமிஷம்." மைதானத்துக் கடிகாரத்தில் நான்கு ஐம்பத்துமூன்று. கால்சட்டைப் பையில் பேனா இருக்கிறது. பெயரை எழுத நான்கு நொடி போதும். கோப்பு கைக்குள் இருக்கிறது, தாளின் ஓரம் விரலில் தட்டுப்படுகிறது, அங்கே மேயர் ரமிலின் தோள்மேல் கை போட்டபடி என் பக்கம் பார்க்கிறார், கையை ஆட்டுகிறார். "ஒரு சின்னத் திருத்தம் இருக்கு, நனாய்" என்கிறது என் வாய். "இப்படியே கொடுத்தா நிக்காது. திருத்தி அடிச்சுக் கொடுத்தா நாளைக்கும் வாங்கிக்குவாங்க. நான் பேசிக்கறேன்." அவள் கை என் விரலைப் பிடித்தபடியே நின்றுவிடுகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறாள். படிக்கத் தெரிந்தவள், கடைசித் தேதி போட்ட தாளை எத்தனை தடவை படித்திருப்பாள். என்னைப் பார்க்கிறாள், காலையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்ததுபோல. பிறகு விரலை விட்டுவிட்டு, கைக்குட்டையை மை உள்ளே போகும்படி நான்காக மடிக்கிறாள்.

"சரி, அட்டர்னி. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"ஒன்பது மணிக்கு வாங்க, நனாய்."

"நானே வரணுமா? இல்லே, யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பினாப் போதுமா?"

சங்கு ஊதுகிறது, ஏழு நிமிடம் முன்னதாகவா, இல்லை, நாங்கள்தான் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறோம், மேடம் பூரிதா மேசை விளக்கை அணைக்கிறாள், வரிசையில் மிச்சமிருந்தவர்கள் கூச்சல் போடுகிறார்கள். சங்கு ஓயும்வரை அவள் பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

"நேர்லதான் வரணும், நனாய்" என்கிறேன். "ஆளைப் பார்க்காம செய்யக் கூடாது."